தண்ணீர் ஊற்றியவருக்கு வந்த விக்கினம்

போன மாதம் பிரிக்பீல்ட்ஸில், கோவில் சனங்களுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசிமார் கூட்டம் என்று கூப்பிட்டிருந்தார்கள். வேலையை விட்டு ஓய்ந்தவனுக்கு அங்கே என்ன வேலை என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். கல்யாண விக்கினங்களைப் பற்றிப் பாடம் நடந்தது. விக்கினம் என்றால் இன்னார் இன்னாரைக் கட்டக்கூடாது என்று இருக்கும் தடை. அதில் ஞான உறவு என்று ஒன்று உண்டு. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரும், ஞானத்தாய் தகப்பனாக நின்றவர்களும் அந்தப் பிள்ளைக்கு உறவாகிவிடுகிறார்கள். என் காலத்தில் அந்த உறவு பிள்ளையைப் பெற்றவர்கள் வரைக்கும் நீண்டது. பெரிய யுத்தம் முடிகிற வருஷம் வந்த புதிய சட்டத்தில், பெற்றவர்களை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

பாடம் முடிந்ததும் செந்தூலிலிருந்து வந்திருந்த இளம் உபதேசி ஒருவர் எழுந்தார்.

"அப்ப அந்தக் காலத்து சனங்களுக்குச் சும்மா சூசா, வீண் தொல்லை குடுத்தாங்களா? நேத்து கூடாது, இன்னைக்குக் கூடும்னா, நாளைக்கு நாம எதை நம்பிச் சொல்லிக் குடுக்கிறது?"

சட்டத்தை நான்தான் போட்டு நான்தான் எடுத்தது போல எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வாயால் சட்டென்று பதில் சொல்ல வராது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் வேதசாஸ்திரம் படித்தவன் அல்ல. நடந்ததைத்தான் எழுத முடியும்.

என் தகப்பனார் ரயில்வேயில் இருந்தார். குவார்ட்டர்ஸில் வளர்ந்து, கோவில் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகச் சேர்ந்து, அங்கிருந்து உபதேசியாராக ஆனேன். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கேள்வி பதில்களை மனப்பாடமாகச் சொல்லத் தெரிய வேண்டும், மந்திரங்களைத் தப்பில்லாமல் முன்னின்று சொல்ல வேண்டும், குடிக்கக்கூடாது. மூன்றாவது தகுதி உள்ள ஆள் கிடைப்பது அப்போது கஷ்டமாக இருந்ததால் என்னை எடுத்துக்கொண்டார்கள் என்று என் மனைவி சொல்லுவாள்.

உண்மையில் வேலை கற்றுக்கொண்டது முடியப்பர் சாமியிடம். பிரான்சு தேசத்துப் பாதிரியார். சீமையில் அவருக்கு வேறு பெயர். எங்கள் சனங்கள் அதைச் சொல்ல முடியாமல் தமிழாக்கிக்கொண்டார்கள். புதுச்சேரிப் பக்கத்தில் தமிழ் படித்ததால், பாசாரில் மீன் விற்கிறவனிடம்கூடப் புத்தகத் தமிழில்தான் பேசுவார். ஆள் ஒல்லி. தாடி சிவந்து, நுனியில் மூக்குப்பொடி ஒட்டியிருக்கும். விசாரணை என்று வந்துவிட்டால் உட்கார மாட்டார். நின்றபடியே கேட்பார், நாம் சொன்ன பதிலை நமக்கே திருப்பிச் சொல்லி, "அப்படித்தானே?" என்பார். நாம் ஆம் என்ற பிறகுதான் அடுத்த கேள்வி.

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. எதைச் சொன்னாலும் அது எந்தப் படியில் நிற்கிறது என்றும் சேர்த்துச் சொல்லிவிடுவார். "இது விசுவாச சத்தியம், ரோமாபுரிப் பாப்பானவராலும் மாற்ற முடியாது." "இது திருச்சபைக் கட்டளை, திருச்சபை கட்டியது, திருச்சபை அவிழ்க்கலாம்." "இது என் யோசனை, தள்ளினால் பாவமில்லை." பிரசங்கத்தில் மட்டும் அல்ல, சாப்பாட்டு மேசையிலும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை இறைச்சி கூடாதே, ஆமை முட்டை சாப்பிடலாமா என்று ஒரு வீட்டுக்காரம்மா அவரைக் கேட்டாள். "இறைச்சியை விலக்குவது திருச்சபைக் கட்டளை. முட்டை இறைச்சியல்ல, ஆகையால் சாப்பிடலாம். ஆமை முட்டை நன்றாயிராது என்பது என் அபிப்பிராயம் மாத்திரம்" என்றார். அந்த அம்மாள் கடைசி வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, ஆமை முட்டையைச் சாமியே கூடாதென்று சொல்லிவிட்டார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். போதிக்கிற வேலையில் இருக்கும் பெரிய தொல்லை இதுதான். நாம் எந்தப் படியில் நின்று சொன்னாலும், கேட்கிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே படியில் வைத்துக்கொள்வார்கள்.

முடியப்பர் சாமி கிள்ளானுக்கு மாறினபோது என்னையும் கூப்பிட்டுக்கொண்டார். கிள்ளான் வேலை கோலாலம்பூர் வேலை மாதிரி இல்லை. சனம் முழுக்க ரப்பர் தோட்டங்களில் சிதறிக் கிடந்தது. காலையில் பெரட்டு என்று ஆள் கணக்கு எடுப்பார்கள், பிறகு பால் வெட்டு. சாயங்காலம் அவர்கள் வரிசை வீடுகளான லயத்து வாசலில் ஆட்களைக் கூட்டி உட்கார வைத்துக் கேள்வி கேட்க வேண்டும். பாதிப் பேர் தூங்கி விழுவார்கள். நானும் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

அங்கே எல்லோருக்கும் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும் என்று சாமி வைத்திருந்த பாடம் ஒன்றே ஒன்று. சாவு ஆபத்தில் இருக்கும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது. சாமி வந்து சேருவதற்குள் பிள்ளை போய்விடும் என்றால் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், ஆணோ பெண்ணோ, அஞ்ஞானியோகூட. நல்ல தண்ணீர், தலையில் பட்டு வழிய வேண்டும். ஊற்றுகிறவரே ஊற்றும்போதே வார்த்தைகளைச் சொல்ல வேண்டும். திருச்சபை செய்வதைச் செய்கிறேன் என்ற கருத்து இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் பிஷப்பான மேற்றிராணியாரே வந்து பெரிய கோவிலில் கொடுத்ததற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. அப்படி ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை புத்தி விவரம் தெரியுமுன் இறந்தால் நேரே மோட்சம். அதில் சந்தேகமே கிடையாது, அது முதல் படி. ஞானஸ்நானம் இல்லாமல் இறந்தால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். சாமி வெகுநேரம் பொடியை விரலில் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "சாஸ்திரிகள் பல விதமாய்ச் சொல்லுகிறார்கள். திருச்சபை முடிவு கட்டவில்லை. எனக்குத் தெரியாது" என்றார். அவர் வாயில் எனக்குத் தெரியாது என்ற வார்த்தையை நான் அடிக்கடி கேட்டதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

காப்பார் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ஆஸ்பத்திரியில் சந்தியாகு என்று ஒரு டிரெசர் இருந்தார். கட்டுப் போட்டு மருந்து கொடுக்கிற வேலை. முப்பது வயசுக்கு மேல், கல்யாணம் ஆகாதவர், பக்திமான், கொஞ்சம் தற்பெருமையும் உண்டு. நான் கிள்ளானுக்கு வருவதற்கு முந்திய வருஷம் அந்தத் தோட்டத்தில் காய்ச்சல் வாரிக்கொண்டு போயிருக்கிறது. அப்போது இருந்த சாமியால் நினைத்த நேரம் வர முடியாது. அந்தக் காய்ச்சலில் செத்த வேதக்காரப் பிள்ளைகள் அத்தனைக்கும் ஞானஸ்நானம் கொடுத்தவர் சந்தியாகுதான்.

அந்தப் பிள்ளைகளில் ஒருவன் ராயப்பன், பிறந்து சில நாளே ஆனவன். தாய் அன்னம்மாள், பால் வெட்டுகிறவள். அதே காய்ச்சலில் புருஷனும் போய்ச் சேர்ந்தான். தோட்டத்துச் சுடுகாடு மந்திரித்த பூமி அல்ல என்று, பிள்ளையை மாட்டு வண்டியில் கிள்ளானுக்குக் கொண்டுவந்து கோவில் கல்லறையில் அடக்கினார்கள். வண்டிக்குச் சொல்லி, கூடவே வந்து, குழி வெட்டும் வரைக்கும் நின்றவர் சந்தியாகு. ஒரு வருஷம் கழித்து இருவரும் கல்யாணம் செய்துகொள்ள நினைத்ததில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டார்தான், டிரெசருக்கு லயத்துப் பெண்ணா என்று முகத்தைச் சுளித்தார்கள்.

கோவிலில் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசிப்பதற்கு முன் இருவரையும் சாமி விசாரிக்க வேண்டும். கோவில் அறையில் நான் எழுதிக்கொண்டேன், சாமி நின்றார். இரத்த உறவு உண்டா? இல்லை. முந்திய கல்யாணத்தால் உறவு உண்டா? இல்லை. ஞான உறவு? சந்தியாகு சிரித்துக்கொண்டே, "நான் யாருக்கும் ஞானத்தகப்பனா நின்னதில்ல சாமி" என்றார். "நீ யாருக்கும் ஞானத்தகப்பனாய் நிற்கவில்லை. அப்படித்தானே?" "ஆமா சாமி."

சனங்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. ஞான உறவு என்றால் கூட நிற்கிறவருக்கு மட்டும்தான், தண்ணீர் ஊற்றுகிறவருக்கு இல்லை என்று நினைப்பார்கள். தண்ணீர் ஊற்றுகிறவர் எப்போதும் சாமியாராகவே இருப்பதால் அப்படி ஒரு கேள்வியே அவர்களுக்கு எழாது. சாமிக்கு இது தெரியும். அதனால் அடுத்து எப்போதும் ஒரு கேள்வி போடுவார்.

"இவளுடைய பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தது யார்?"

"நான்தான் சாமி" என்றார் சந்தியாகு. அந்தக் குரலில் இருந்த பெருமை எனக்கு இன்னும் கேட்கிறது. "அந்த வருஷம் எல்லாப் பிள்ளைக்கும் நான்தான்."

சாமி அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். பிறகு திரும்பி வந்து, அன்னம்மாளுக்கும் புரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். ஞானஸ்நானம் கொடுத்தவனுக்கும் பிள்ளையைப் பெற்றவளுக்கும் ஞான உறவு உண்டு, பிள்ளை செத்தாலும் அது போகாது, அந்த உறவுக்குள் கல்யாணம் செல்லாது. இது தேவ கட்டளையல்ல, திருச்சபைக் கட்டளை. மேற்றிராணியார் விலக்குக் கொடுக்கலாம், கேட்டு எழுதுவோம். ஆனால் மேற்றிராணியார் வடக்கே சுற்றுப்பயணத்தில் இருக்கிறார், பதில் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

"சாமி, மாசக் கடைசில என்னை டெங்கில் தோட்டத்துக்கு மாத்துறாங்க" என்றார் சந்தியாகு. "கல்யாணம் ஆகாம இவளை எப்படிக் கூட்டிக்கிட்டுப் போறது? இங்க விட்டுட்டுப் போனா எங்களைச் சேர விடுவாங்களா?"

அன்னம்மாள் சாமியின் பக்கம் திரும்பினாள். "தண்ணி ஊத்தாமச் சாகட்டும்னு விட்டிருந்தா எங்களுக்குத் தடை இல்ல. அப்படித்தானே சாமி?" என்று கேட்டாள். அவள் கேலி செய்யவில்லை. சாமி கேட்கிற மாதிரியே கேட்டாள், அவ்வளவுதான்.

"அப்படித்தான்" என்றார் சாமி.

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. ஒரு ஆறுதல் வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஆனால் கேட்டதற்கு உள்ளதைச் சொல்லுவதுதான் அவர் வழக்கம், கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். அந்த வழக்கமே அடுத்த வினாடி ஒரு கதவைத் திறந்துவிட்டது. சந்தியாகு யோசித்துவிட்டு, "அந்த ஞானஸ்நானம் செல்லாதுன்னா?" என்று கேட்டார்.

"செல்லாதென்றால் ஞான உறவும் இல்லை. தடையும் இல்லை."

கேள்வி எழுந்துவிட்டபடியால் விசாரிக்க வேண்டியதாயிற்று. மறுவாரம் நான் சைக்கிளில் தோட்டத்துக்குப் போனேன். இருவரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லக்கூடாது என்பது கட்டளை.

முதலில் ஆஸ்பத்திரியில் சந்தியாகுவைக் கேட்டேன். மருந்துப் புட்டிகளைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார், என் முகத்தைப் பார்க்கவில்லை. "தண்ணி ஊத்தினேன், அது நிச்சயம். வார்த்தை எல்லாம் முழுசாச் சொன்னேனான்னு நினைவு இல்ல உபதேசியாரே. அவ்வளவு அவசரம். மூணு பேர் அன்னைக்கு." எழுதிக்கொண்டேன். கையெழுத்துப் போட்டார்.

பிறகு லயத்துக்குப் போனேன். அன்னம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். என்ன கேட்கிறேன் என்று புரிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே நின்றாள்.

"பிள்ளை எங்க இருந்தான்?"

"எம் பக்கத்துல, ஆஸ்பத்திரிக் கட்டில்ல."

"தண்ணீர் தலையில் பட்டதா?"

"பட்டுச்சு. மூணு தடவ ஊத்தினாரு. மிச்சத் தண்ணி எங் கையில வழிஞ்சுது. சில்லுனு இருந்துச்சு, எனக்குக் காய்ச்சல்."

"வார்த்தை சொன்னாரா?"

"சொன்னாரு. பிதான்னு ஒரு தடவ ஊத்தினாரு, சுதன்னு ஒரு தடவ, இஸ்பிரீத்துசாந்துன்னு ஒரு தடவ. பேரும் வச்சாரு. நான்தான் ராயப்பன்னு வைக்கச் சொன்னேன்." அப்புறம் என்னை உற்றுப் பார்த்தாள். "அவரு என்ன சொன்னாரு?"

"சொல்லக்கூடாது அம்மா."

"சொல்லக்கூடாதா? ஆமான்னு சொல்லியிருந்தா நீங்க இவ்வளவு கேக்க மாட்டீங்க. இல்லன்னுட்டாரு."

நான் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அதுவே பதிலாகிவிட்டது என்று எனக்கும் தெரிந்தது.

"நானும் இல்ல, நினைவில்லன்னு சொன்னா கல்யாணம் ஆயிடும். இல்லீங்களா? இதே லயத்துல நாலு பேரு அதத்தான் சொல்றாங்க. ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டுப் போயேங்கறாங்க." அவள் அரிசிப் பானையைத் திரும்பிப் பார்த்தாள். "புள்ளைய மோட்சத்துலேர்ந்து இறக்கி விட்டுட்டு நான் கல்யாணம் கட்டணுமா? எழுதிக்கோங்க. தண்ணி பட்டுச்சு, வார்த்தை சொன்னாரு. எனக்குக் கல்யாணம் வேணாம்."

அவளுக்குக் கையெழுத்துத் தெரியாது. சிலுவை போட்டாள். அவள் சந்தியாகுவின் மேல் பிரியமில்லாமல் இப்படிச் சொல்லிவிட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போது, களைந்த அரிசியின் முன்னே உட்கார்ந்து வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு ஆறவில்லை. இத்தனை வருஷ வேலையில் எத்தனையோ பேரிடம் விசுவாச சத்தியங்களை ஒப்பிக்கக் கேட்டிருக்கிறேன். ஒருவர் அதற்காகக் கையிலிருப்பதை விட்டுக்கொடுத்ததை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

சாமி இரண்டு வாக்குமூலங்களையும் படித்தார், மறுபடியும் படித்தார். "அவன் சொன்னது அவனுக்கு லாபம். அவள் சொன்னது அவளுக்கு நஷ்டம். நான் அவளை நம்புகிறேன், இது என் யோசனை" என்றார். சந்தியாகுவைக் கூட்டிவரச் சொன்னார்.

டிரெசர் வந்து நின்றதும் சாமி அவரைத் திட்டவில்லை. அன்னம்மாள் என்ன சொன்னாள் என்றும் சொல்லவில்லை.

"காய்ச்சல் வருஷத்தில் நீ ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளைகள் யாவரும் நம்முடைய கல்லறையில் இருக்கிறார்கள். அப்படித்தானே?"

"ஆமா சாமி."

"அவர்கள் எல்லோருக்கும் நீ ஒரே விதமாய்க் கொடுத்தாய். அதே அவசரம், அதே கை. அப்படித்தானே?"

சந்தியாகு தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒரு பிள்ளைக்கு வார்த்தை சொன்னாயோ என்று உனக்குச் சந்தேகமானால், எல்லாப் பிள்ளைக்கும் சந்தேகம். அந்தத் தாய்மார் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருவார்கள். அவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். நீ சொல்லுகிறாயா, நான் சொல்லட்டுமா?"

சந்தியாகு சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினார். "சொன்னேன் சாமி. எல்லாருக்கும் சொன்னேன். முழுசாச் சொன்னேன். அவளை விட்டுட்டுப் போக முடியல சாமி, அதுக்குத்தான்."

சாமி பொடிடப்பாவை எடுத்தார், போடாமல் திரும்ப வைத்தார். என்னிடம், "உபதேசியாரே, எழுதும்" என்றார். புது வாக்குமூலம் எழுதினேன். விலக்குக் கேட்டு அன்றைக்கே மனு போயிற்று. மாசக் கடைசியில் சந்தியாகு தனியாக டெங்கிலுக்குப் போனார். அன்னம்மாள் அவரை வழியனுப்பக்கூட வரவில்லை.

மேற்றிராணியாரின் விலக்கு வந்து சேர வெகுநாள் ஆயிற்று. வந்ததும் சாமி என்னைத் தோட்டத்துக்கு அனுப்பினார். சந்தோஷமான செய்தி கொண்டுபோகிறோம் என்று நான் சைக்கிளை வேகமாக மிதித்தேன். அன்னம்மாள் கேட்டுவிட்டுத் தலையாட்டினாள்.

"மேற்றிராணியாரு அவிழ்த்துட்டாரு. நான் இன்னும் அவிழ்க்கல" என்றாள்.

"வேறென்ன வேணும் உனக்கு?"

"எம் புள்ளைக்கு ஒண்ணும் குடுக்கலன்னு சொன்னவரு. சாமிகிட்ட மாத்திச் சொன்னாராம், கேள்விப்பட்டேன். சாமிக்குச் சொன்னா ஆச்சா? புள்ளைகிட்ட வந்து சொல்லச் சொல்லுங்க."

திரும்பி வந்து சாமியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். இதெல்லாம் அஞ்ஞான வழக்கம் என்று அதட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் யோசித்தார். "இதைத் திருச்சபை கேட்கவில்லை. விலக்கவும் இல்லை. அந்த ஸ்திரீ கேட்கிறாள். அவள் கேட்பது நியாயம்" என்றார். வழக்கம்போல, இது என் யோசனை என்று சேர்ப்பார் என்று காத்திருந்தேன். சேர்க்கவில்லை.

கல்யாணத்துக்குக் குறித்த காலையில் சந்தியாகு டெங்கிலிலிருந்து வந்தார். மெலிந்து போயிருந்தார். சாமி கோவிலில் பூசைக்கு உடுத்திக்கொண்டு காத்திருக்க, நான் அவர்கள் இருவரையும் கல்லறைக்குக் கூட்டிப்போனேன். அன்னம்மாள் அவரோடு பேசவில்லை. முன்னால் நடந்து போய், தலைமாட்டில் குச்சிச் சிலுவை நட்டிருந்த சின்ன மேட்டருகே நின்றாள். சந்தியாகு தொப்பியைக் கழற்றிவிட்டு முழங்காலிட்டார்.

"ராயப்பா" என்றார். "உந் தலையில தண்ணி ஊத்தினேன். வார்த்தையும் சொன்னேன்."

"சத்தமா" என்றாள் அன்னம்மாள், என்னைப் பார்த்து.

நான் அவரிடம் அதைத் திருப்பிச் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவர் நிமிர்ந்து, சுற்றிலும் இருந்த மற்ற மேடுகளுக்கும் கேட்கிற மாதிரி, உரத்துச் சொன்னார். பிதாவையும் சுதனையும் இஸ்பிரீத்துசாந்துவையும் சொல்லித்தான் ஊற்றினேன், ஒரு வார்த்தையும் விடவில்லை, மறக்கவும் இல்லை, மறந்தேன் என்றது பொய். சொல்லி முடித்ததும் மண்ணில் நெற்றி படக் குனிந்துவிட்டார்.

அன்னம்மாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். அதுவரை அவர் முகத்தைப் பார்க்காதிருந்தவள் குனிந்து அவர் தோளைத் தொட்டாள்.

"எந்திரிங்க" என்றாள். "சாமி காத்துக்கிட்டிருப்பாரு."